செகண்ட் செட் யாருக்கு

ஹைதராபாத்தில் தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் வாய்விட்டுப் பேசுவது எனக்கும் என் தோழிக்கும் பழக்கம். மாதாப்பூரில் ஒரே ஆபீஸ், இருவருக்கும் மதுரைப் பக்கம். டென்னிஸ் பார்க்கும்போது எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. மேட்சை யார் ஜெயிப்பார் என்று சொல்லக்கூடாது. அடுத்த செட் யாருக்கு என்பதை மட்டும், அது தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மேட்ச் பெரும்பாலும் திறமைசாலிக்குத்தான் போகும். செட் அப்படியில்லை. ஒரு கேமில் கொஞ்சம் அசந்தால் கைமாறிவிடும்.

அந்தச் சனிக்கிழமை காலை, ஊரில் நடந்த சின்ன சர்வதேசப் போட்டிக்குப் போயிருந்தோம். கேலரி பாதிக்கு மேல் காலி. உள்ளூர்ப் பெண் ஒருத்தி வெளிநாட்டுக்காரியிடம் முதல் செட்டை இரண்டுக்கு ஆறு என்று இழந்திருந்தாள்.

"செகண்ட் செட்டும் இவளுக்கு இல்லை," என்றேன். "செகண்ட் சர்வ் தொப்புன்னு விழுது. அவ உள்ளே வந்து நின்னு அடிக்கிறா."

முன்வரிசையில் குடை பிடித்திருந்த ஒரு அம்மா திரும்பினார்.

"சின்ன வயசுலேர்ந்தே அது அப்படித்தான்மா. என் பொண்ணு."

தோழி என் தொடையைக் கிள்ளினாள். நான் ஏதோ மன்னிப்பு மாதிரி குழறினேன்.

"நக்கோ நக்கோ, மன்னிப்பெல்லாம் வேணாம், உள்ளதைத்தானே சொன்னே," என்று ஹைதராபாத் உருது கலந்து சிரித்தார். மாமனார் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பமாம். இப்போது லோத்குண்டாவில் வீடு. "ஆனா இந்த செட் அவளோடது. தோத்த கோவம் வந்தாத்தான் அவளுக்குக் காலே நகரும்."

மூன்றாவது கேமிலேயே பெண்ணின் சர்வீஸ் பறிபோனது. அம்மா அசரவில்லை. அதன்பிறகு அவள் ஓடிய ஓட்டம்! எட்டாத பந்தையெல்லாம் எடுத்தாள். நாலுக்கு நாலு, ஆறுக்கு ஆறு, டை-பிரேக். நான் சொன்னது பலிக்கக்கூடாது என்று நானே வேண்டிக்கொண்டு சீட் நுனிக்கு வந்திருந்தேன்.

பெண்ணுக்கு செட் பாயின்ட், சர்வும் அவளுடையதுதான். முதல் சர்வ் வலையில் விழுந்தது. அம்மா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நீ பார்த்துச் சொல்லு."

இந்த முறை பெண் தயங்காமல் முழுக்கை வீசி அடித்தாள். பந்து தரையில் பட்டு எதிராளியின் தோளுக்கு மேல் எழும்பியது. அவள் தொட்டது வெளியே போய் விழுந்தது.

"சர்வ் உள்ளே விழுந்துச்சும்மா. செட் உங்க பொண்ணுக்கு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இருந்த கொஞ்சம் பேரிடமிருந்தே அவ்வளவு கைதட்டல். அம்மா குடையைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது செட்?" என்று கேட்டாள் தோழி.

"அதைச் சொல்ல எனக்குத் தெரியாது," என்றார்.

அது நாலுக்கு ஆறு என்று போய்விட்டது. ஆட்டம் முடிந்து பெண் பையைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது. அம்மாவிடம் தெலுங்கில் பசிக்கிறது என்றாள்.

"இந்த அக்கா உன் செகண்ட் சர்வைப் பத்தி ஒண்ணு சொன்னாங்க," என்று தமிழில் ஆரம்பித்தார் அம்மா. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.