கள்ளுப் படாத பாண்

1. கழுவிக் கவிழ்த்த முட்டி

அந்த வியாழக்கிழமை பின்னேரம் நான் பாண் சுட்டுக் கொடுத்த கொக்குவில் வீட்டுக் குசினிக்குள் போனால், பாணைப் பொங்க வைக்கிற என்னுடைய புளிமா முட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த மா வாழையடியில் கிடந்தது, கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு முதல் நாள் குசினியைக் கழுவி மெழுகும்போது, புளித்து மணக்கிற எதையும் எங்கள் பெண்கள் உள்ளே விட்டுவைப்பதில்லை. வீட்டு அம்மாவும் அதைத்தான் செய்தார். அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

பிழை அவருடைய புருஷனில். மலாயாவில் றெயில்வே கிளாக்காக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். ஊர் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். தவிட்டோடு அரைத்த கோதுமைப் பாண் வயிற்றுக்கு நல்லதென்று அங்கே ஒரு வெள்ளைக்கார டொக்டர் சொன்னாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தரம் சப்பித்தான் விழுங்குவார். சப்புகிற நேரம் யாரும் கதைக்கக்கூடாது, கணக்குப் பிழைத்துவிடும்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாணைப் பொங்க வைத்தது பனங்கள்ளு. பேக்கரிகளில் மாவுக்குள் கள்ளை விட்டுத்தான் குழைப்பார்கள். இது ஊருக்கெல்லாம் தெரியும். கள்ளுத் தவறணையை மூடச் சொல்லி மேடை ஏறுகிறவர் அந்தப் பாணைத் தின்னலாமோ? ஆகவே வீட்டிலேயே சுட என்னை வைத்தார். முதல் நாளே சட்டம் சொன்னார்.

“கந்தையா, என்ரை வீட்டுப் பாணிலை ஒரு சொட்டுக் கள்ளும் படக்கூடாது. விளங்கிச்சோ?”

ஓம் என்றேன். கொப்பியைத் திறந்து டொக்டர் சொன்ன முறையை வாசித்தார். மாவையும் தண்ணீரையும் கலந்து மூடி வை, நாளுக்கு ஒருமுறை புது மா போடு, அது தானாகப் புளித்துப் பாணைப் பொங்க வைக்கும் என்று எழுதியிருந்தது. எழுதியவர் எங்கள் வெயிலைக் கண்டிருக்கமாட்டார். அவர் சொன்னபடி செய்த முதல் முட்டி பூஞ்சணம் பிடித்தது. இரண்டாவதற்குக் காலையும் மாலையும் மா போட்டு, கிணற்றடி நிழலில் ஈரச்சாக்குச் சுற்றி வைத்தேன். ஆறாம் நாள் மோர் மணம் வந்தது. ஏழாம் நாள் பொங்கி மூடியைத் தள்ளியது. பிறகு பின்வளவில் செங்கல்லால் போறணை கட்டினேன். சுடுகிற நாளில் தென்னம்மட்டை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளி, ஒரு பிடி மாவை உள்ளே வீசிப் பார்ப்பேன். மா உடனே கருகினால் சூடு அதிகம், மெல்லச் சிவந்தால் பாண் வைக்கலாம். ஐயா ஒரு நாளும் மாவில் கை வைத்ததில்லை. ஆனாலும் வருகிறவர்களிடம், “நான் சுடுற பாண்” என்றுதான் சொல்லுவார்.

அந்த வியாழன் காலையிலும் யாரோ வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டவென்று கிணற்றடி முட்டியைக் குசினிக்குள் தூக்கி வந்தவர் அவர்தான். காட்டிப் பெருமை அடித்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டார். அம்மா அதை வாழையடியில் கொட்டும்போது விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டும் இருந்தாராம். முப்பத்திரண்டு எண்ணி முடியவில்லைப் போலும்.

2. சனிக்கிழமைக் கூட்டம்

சனிக்கிழமை மதுவிலக்குக் கூட்டம். கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பேச்சாளர் வருகிறார், அவருக்கு இந்தப் பாண் கொடுத்தாக வேண்டும். புதுப் புளிமாவுக்கு ஒரு கிழமை வேண்டும் என்று போய்ச் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை பாண் இல்லையெண்டால் உன்ரை கடிதமும் இல்லை” என்றார்.

அந்தக் கடிதத்துக்காகத்தான் ஒரு வருஷமாக அவருடைய சப்பலைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். பயணிகள் தங்குகிற றெஸ்ட்ஹவுஸ் ஒன்றில் அப்போதுதான் குசினி வேலை காலியாகியிருந்தது. நிரந்தர வேலை, இருக்க அறையும் தருவார்கள். மூன்று பிள்ளைகளோடு மச்சான் வீட்டுக் கொட்டிலில் கிடந்த எனக்கு அது பெரிய காரியம். பெரிய மனிதர் ஒருவருடைய கடிதம் இல்லாமல் அந்த வாசலில் கால் வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பனை சீவுகிற முருகனிடம் போத்தலோடு போனேன். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். மரத்தில் சாய்ந்து நின்று சிரித்துவிட்டு, “தலைவருக்கோ? அப்ப நல்லதாய்த் தாறன்” என்று நுரை தள்ளுகிற கள்ளாகப் பார்த்து ஊற்றித் தந்தார்.

அந்தக் கள்ளை விட்டுக் குழைத்துச் சனி காலை சுட்டேன். அப்படிப் பொங்கிய தவிட்டுப் பாண் அந்தப் போறணையில் அதற்கு முன் வெந்ததில்லை. வெள்ளைக்காரர் பட்டர் பூசி நாலு துண்டு தின்றார். தலைவர் மேடையில் மிச்சப் பாணைத் தூக்கிக் காட்டி, கள்ளில்லாமல் பாணே பொங்கும், மனிதன் வாழமாட்டானோ என்று கேட்டார். சனம் கை தட்டியது. முட்டி வெறுமையானதை அறிந்த அந்த மனிதர், பாண் எப்படிப் பொங்கியது என்று என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அருவருப்பாக இருந்தது. என்னை நினைத்தும்தான்.

3. கடிதம்

பின்னேரமே கடிதம் தந்தார், ஒட்டிய உறையில். திங்கள் விடியக் குளித்து வெள்ளை வேட்டி உடுத்து றெஸ்ட்ஹவுசுக்குப் போனேன். அதை நடத்துகிற கீப்பர் ஒரு வயதாளி. உறையைக் கிழித்து இரண்டு முறை வாசித்தார்.

“கள்ளே தொடாமல் பாண் சுடுறதிலை தேர்ந்தவர் எண்டு எழுதியிருக்கு. உந்தக் கடிதத்தை வைச்சு நான் என்ன செய்யிறது? இஞ்சை காலமை றெயிலுக்குப் போறவை ஏழு மணிக்குப் பாண் கேப்பினம். ராத்திரியோடை பொங்குற கள்ளுப் பாண் சுடுறவன்தான் எனக்கு வேணும்.”

கள்ளுப் பாணும் நன்றாகச் சுடுவேன் என்றேன்.

“அப்ப இந்தக் கடிதம் பொய்யோ?”

பொய் என்றால் பொய்க் கடிதம் கொண்டு வந்தவன். மெய் என்றால் அவர் கேட்கிற வேலை தெரியாதவன். அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து என் கையில் தந்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பிறகு கொடிகாமத்தில் சொந்தமாகப் போறணை போட்டு முப்பது வருஷம் பாண் சுட்டேன். என்னிடம் வேலை கேட்டு வந்தவர்கள் நீட்டிய கடிதங்களை நான் வாசித்ததில்லை. மாவைக் குழை பார்ப்பம் என்பேன். தொழிலுக்குள் வருகிற பிள்ளைகளுக்கும் அதுதான் சொல்லுவேன். பெரியவர்கள் தருகிற கடிதத்தில் அவர்களுடைய புகழ்தான் இருக்கும். அவர்களுக்காக நீங்கள் சொல்லுகிற பொய் மட்டும் உங்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கும்.