பன்னிரண்டு மிளகாய் உறைகள்

என் மனைவியின் மிளகாய்க் குறிப்புகளை அழித்தவன் நான். அவள்தான் எதையோ அழுத்தி அழித்துவிட்டாள் என்று சொன்னவனும் நான்.

குளிர்நாட்டு ஊரான ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டின் பின்வளவில் அவள் பன்னிரண்டு வகை மிளகாய் வளர்க்கிறாள். விதை உறைகளில் இலக்கம் மட்டும் எழுதுவாள். எந்த இலக்கம் எந்த மிளகாய், யார் தந்தது, எவ்வளவு உறைக்கும் என்பதெல்லாம் மடிக்கணினியில் ஒரு குறிப்புச் செயலிக்குள் இருந்தன. அந்தக் கணினியில், எல்லாருக்கும் பொதுவான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான். எனக்கு அது கொள்கை. அவளுக்கு மிளகாய்தான் கொள்கை.

விதை போடும் மார்ச் மாதம் அவளுக்காக எழுத்தைப் பெரிதாக்க நினைத்தேன். மெனுவில் இரண்டு தட்டில் முடிகிற வேலை. ஓய்வுபெற்ற பொறியியலாளர் மெனுவுக்குப் போவாரா? செயலியின் அமைப்புக் கோப்பைத் திறந்து கையாலேயே மாற்றினேன்.

மறுநாள் காலை அவள் கூப்பிட்டாள். “இஞ்சேருங்கோ, இது திறக்குதில்லை.”

“நீர் எதையாவது அமத்தியிருப்பீர். உம்மட கை சும்மா இருக்காதே.”

கட்டளைத் திரையிலிருந்து செயலியை ஓட்டினேன். அமைப்புக் கோப்பின் பதினெட்டாம் வரி பழுது என்றது. முதல் நாள் நான் தொட்ட வரி. ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருந்தேன். மூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவள் பின்னால் நின்றாள். என் பிழையை அவள் கண்முன் திருத்த மனம் வரவில்லை. அமைப்புக் கோப்புறைக்கு வேறு பெயரிட்டு ஓரமாக வைத்திருக்கலாம். வேலை செய்த காலத்தில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பேன். செயலி புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும் என்று நான் கோப்புறையையே அழித்தேன். செயலி உடனே திறந்தது, ஆள் குடிவராத வீடு போல. குறிப்புகளும் அதே கோப்புறைக்குள்தான் இருந்திருக்கின்றன.

“என்ர மிளகாய் எங்க?”

“நீர் அமத்தினதில போயிருக்கும்.”

“இனி நான் உதைத் தொடமாட்டன்” என்று கணினியை மூடி வைத்தாள். உறைகளை மேசையில் பரப்பி, விதைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். மிளகாய் விதைக்கெல்லாம் ஒரே முகம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு தேத்தண்ணியோடு சொன்னேன். “அது நீர் இல்லை. நான்தான்.”

“தெரியும். நான் அமத்தியிருந்தா அண்டைக்கு முழுக்கப் பாடம் எடுத்திருப்பியள். ரெண்டு வசனத்தோட நிப்பாட்டிட்டியள்.”

“அப்ப ஏன் பேசாமல் இருந்தனீர்?”

“எப்ப சொல்லுவியள் எண்டு பாத்தன். மூண்டு நாள் எண்டு நினைச்சன்.”

அழிந்ததை மீட்க எல்லா வழியும் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஆகவே பன்னிரண்டையும் தயிர்க் கோப்பைகளில் நானே விதைத்து, இலக்கம் ஒட்டி, மே முடிவில் வெளியே நட்டேன். ஆகஸ்டில் காய்த்தன. பின்படியில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கடித்தேன். பக்கத்தில் அவள், மடியில் கணினி. மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் அதைத் திறந்தாள்.

“நாலு?”

“பரவாயில்லை.”

“ஏழு?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினேன். ‘ஏழு: அழுகிறார்’ என்று தட்டினாள்.

ஒன்பதைக் கடித்துவிட்டு, “உறைப்பே இல்லை” என்றேன்.

அவள் விரல் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த மிச்சப் பாதியை வாங்கித் தானே கடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள்.