ஒரு கணக்கு, ஒரு அசைவு

அளவு டேப்பின் நுனியை ஜன்னலின் இடது ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்மா நாற்காலிமேல் நின்றாள். மறுமுனையை இழுத்துக்கொண்டு மகள் வலது ஓரத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"நூத்திப் பதினெட்டு" என்றாள் மகள்.

"மடிப்புக்கு நாலு விரல் சேர்த்துக்கோ."

"யாரு விரல்? உன் விரலா, என் விரலா?"

"தைக்கிறவ விரல். இன்ஜினியரம்மா விரலை வச்சு யாரு தைக்கப்போறா?"

மகள் அம்மாவின் கையைப் பிடித்து நாலு விரலையும் டேப்பில் படுக்கவைத்துப் பார்த்தாள். ஏழு சென்டிமீட்டர். "நூத்தி இருபத்தஞ்சுன்னு கடையில சொல்லு." அம்மா அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். உயரத்தையும் அளந்து முடிப்பதற்குள் டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. உன்னால்தான், உன்னால்தான் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருவரும் துடைத்தார்கள்.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அம்மாவுக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றின் துணிப்பிரிவில் தையல் வேலை. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுவாள். எந்த விரிப்பு எந்த வார்டு என்று காட்டும் துணிப்பட்டியை ஒவ்வொன்றிலும் வைத்துத் தைப்பாள். அதனால் அங்கே அவள் பெயர் லேபிள் அக்கா. தலைமை டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று நிறுத்தப்பட்டவள். ஐம்பத்திரண்டு வயதில் மாலைப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். மற்ற பாடங்களை முதல் வருடமே முடித்துவிட்டாள். கணக்கு மட்டும் நின்றது.

அதே வருடம்தான் மேடமும் வந்தார்.

மருத்துவமனையில் கை விளங்காதவர்கள் பிசைந்து பழக வண்ணக் களிமண் வைத்திருப்பார்கள். நாலைந்து நிறமும் கலந்து ஒரே பழுப்பாகிவிட்டால் தூக்கிப்போடுவார்கள். அப்படித் தூக்கிப்போட்டதை அம்மா ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்து, தோளில் பை மாட்டிய ஒரு பெண்ணைச் செய்தாள். சுண்டுவிரல் உயரம்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மகள் கேட்டாள்.

"யாரும்மா இது?"

"மேடம்."

"எந்த மேடம்?"

"மேடம்னா மேடம். நம்ம வீட்டுல மரியாதையா கூப்பிட ஒரு ஆளாவது வேணாமா?"

குழந்தைகள் வார்டில் விரிப்பு மாற்றப் போகும்போதெல்லாம் டிவியில் பொம்மைகள் நடக்கும் படங்களை அவள் நின்று பார்ப்பது வழக்கம். பொம்மையைக் கடுகளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் கடுகளவு நகர்த்தி இன்னொரு படம். எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் பொம்மை நடக்கும். இதை மகள்தான் விளக்கினாள். மகளுக்கு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலை. பழைய அழுத்தமானித் தாங்கி ஒன்றை வளைத்து, அதில் அம்மாவின் ஃபோன் அசையாமல் உட்காரும்படி செய்துகொடுத்தாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மேடம் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். கதவைச் சாத்துகிறார். பையைக் கழற்றிச் சுவரில் மாட்டுகிறார். நடந்துபோய் மேஜை முன்னால் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கிறார். அவ்வளவுதான். ஓடினால் அரை நிமிடம் வரும்.

வீட்டில் இருந்தது ஒரே மேஜை. ஜன்னலோரம். அதன்மேல் அட்டைக் கதவு, அட்டை நாற்காலி, தரைக்குக் கார்க் பலகை. மேடம் ஒற்றைக் காலில் நிற்கவேண்டியபோது பலகைக்கு அடியிலிருந்து ஒரு ஊசி ஏறிக் காலைப் பிடித்துக்கொள்ளும். படம் எடுக்க ஆரம்பித்தபின் ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாது. ஆகவே சாப்பாடு ஜன்னல் திட்டில், நின்றபடி, முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு. படிப்பு இஸ்திரிப் பலகைமேல். பலகையின் கால்களைத் தாழ்த்திப் போட்டால் படிக்கச் சரியான உயரம், என்ன, லேசாக ஆடும். "ஆடினாதான் தூக்கம் வராது" என்பாள் அம்மா.

பகலில் வேலை, மாலையில் பள்ளி. மிஞ்சியது விடுமுறை நாளும் சில காலை நேரங்களும். அதற்குக் கணக்கும் மேடமும் அடித்துக்கொண்டார்கள். அம்மா ஒரு பஞ்சாயத்துப் பண்ணினாள். ஒரு கணக்குப் போட்டு, விடை சரியாக வந்தால், மேடம் ஒரு அசைவு அசையலாம். ஒரு படம். அடுத்த கணக்கு. விடை வராவிட்டால் மேடம் நின்ற இடத்தில் நிற்பார். ஏமாற்று வேலையே கிடையாது. மகள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"யாரும்மா பார்க்கப்போறா? ரெண்டு அசைவா நகர்த்திட்டுப் போ."

"மேடம் பார்க்கிறாங்க இல்ல?"

பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது கணக்கு சார் மகளை வரச்சொன்னார். அவருக்கு அம்மாவின் வயதில் பாதிகூட இருக்காது.

"அந்தப் பொம்மையைக் கொஞ்ச நாள் பெட்டியில போடச் சொல்லுங்க. முக்கோணவியல் அப்படியே கிடக்குது."

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"பெட்டியில போட்டா மூச்சு முட்டும்னாங்க."

"யாருக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார்."

அம்மா கணக்கில் நாற்பத்து மூன்று வாங்கினாள். பாஸ். நாற்பத்து மூன்றை நூற்று நாற்பத்து மூன்றுபோலத் துணிப்பிரிவு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மாதக் கடைசியில் பாஸான எல்லாரும் பள்ளி ஹாலில் கூடுகிறார்கள், உங்கள் படத்தை அங்கே போடலாம் என்று கணக்கு சாரே கேட்டார். அதுவரை படத்தை முழுசாக ஓட்டிப் பார்த்ததே இல்லை. அன்றுதான் மகளின் கணினியில் ஓட்டினார்கள்.

மேடம் நடந்தார். ஆனால் வெளிச்சம் தாவிக்கொண்டே இருந்தது. ஒரு அடி பளீரென்ற வெயிலில், அடுத்த அடி மங்கலில், அதற்கடுத்தது பல்பு மஞ்சளில்.

"என்னடி இது? மேடம் வீட்டுக்கு வர்றாங்களா, இடி மின்னல்ல மாட்டிக்கிட்டாங்களா?"

"ஜன்னல் வெளிச்சம்மா. அன்னைக்கே சொன்னேன், ஜன்னலை மூடி ஒரே விளக்குல எடுன்னு."

"அப்ப மூடியிருந்தா நான் புத்தகத்தை எப்படிப் படிக்கிறது?" அம்மா இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். "இதைக் கொண்டுபோய் நாலு பேருக்கு முன்னாடி போட முடியாது. முதல்லேருந்து எடுக்கிறேன். இப்பதான் கணக்கு இல்லியே. ஒரு வாரம் லீவு போட்டா முடிஞ்சுது."

அதற்குத்தான் கருப்புத் துணி. அதற்குத்தான் ஜன்னலை அளந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் கடையில் கேட்டாள். அகலத் துணி வியாழக்கிழமைதான் வருமாம். "நான் வாங்கட்டுமா?" என்றாள் மகள். "நீ போகாத. கருப்புல எது கருப்புன்னு உனக்குத் தெரியாது. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும்."

புதன்கிழமை மதியம் தையல் இயந்திரத்தின்மேல் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். மருத்துவமனையிலேயே நடந்ததால் உடனே பார்க்க முடிந்தது என்று ஆறுதலாகச் சொன்னார்கள். உடனே பார்த்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊசியின் கீழ் ஒரு துணிப்பட்டி பாதி தைத்தபடி இருந்தது. எந்த வார்டு என்று மகள் கவனிக்கவில்லை.

வந்தவர்கள் போனார்கள். மேஜையை மகள் கலைக்கவில்லை. அது துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, பழக்கம். ஷிப்ட் முடிந்து வந்தால் காற்றில் மேடம் சாய்ந்துவிடாதபடி கதவை மெதுவாகத்தான் திறந்தாள். ஜன்னல் திட்டில் நின்றே சாப்பிட்டாள். இடிக்க எதிர் முழங்கை இல்லாததால் தட்டு திட்டின் நடுவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் அதைக் கவனித்து, பழைய இடத்துக்கே நகர்த்திவைத்தாள்.

கணக்கு சார் ஃபோன் செய்தார். "கூட்டம் அடுத்த வாரம்மா. படம் வேண்டாம்னா வேண்டாம். நான் சும்மாதான் கேட்கிறேன்."

"கொண்டுவர்றேன் சார்."

அம்மா கேட்டது ஒரே வெளிச்சம். மறுபடி எடுக்க அம்மா இல்லை. ஆனால் கணினியில் அதைச் செய்ய முடியும். ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் அளந்து, கூடினதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டவேண்டும். மகள் தினமும் செய்யும் வேலைதான் அது. முள் தாவினால் பழுது, பழுதைச் சரிசெய். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் பாதிப் படம் சீராகிவிட்டது. மேடம் எண்ணெயில் வழுக்குவதுபோல நடந்தார்.

பெரிய தாவல்கள் எங்கே என்று பார்க்க, படங்களை எடுத்த நேரப்படி வரிசையாக அடுக்கினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

படத்துக்கும் படத்துக்கும் ஏழெட்டு நிமிடம். சில இடத்தில் பத்து. அது ஒரு கணக்குப் போட ஆகும் நேரம். சுலபமான அத்தியாயங்களில் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. வெளிச்சம் தாவிய இடமெல்லாம் இடைவெளி நீண்டது. ஓரிடத்தில் மேடம் வலது காலைத் தூக்கியிருந்தார், காலை வெயிலில். அடுத்த படம் பல்பு மஞ்சளில். நடுவில் ஒரு முழுப் பகல்.

அந்த நாள் மகளுக்கு நினைவிருந்தது. ஷிப்ட் முடிந்து உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அம்மா பிடித்துக்கொண்டாள். "கோபுரத்து உயரத்தை எதுக்குடி தூரத்துல நின்னு கோணம் பார்த்து அளக்கணும்? மேல ஏறி டேப்பைத் தொங்கவிட்டா ஆகாதா?" முக்கோணவியலில் பதினாலாவது கணக்கு. அதன் பிறகு பல வாரம் அதை வேண்டாத உறவுக்காரரைப்போலப் 'பதினாலு' என்றே அம்மா குறிப்பிட்டுவந்தாள்.

மகள் மேலும் பார்த்தாள். வெளியூர் நிலையம் ஒன்றில் அழுத்தமானி பொருத்த அவள் போயிருந்த இரண்டு மாதத்தில்தான் படங்கள் மிக அதிகம். விடுமுறை நாள் என்றால் காலையிலிருந்து பல்பு போடும்வரை, ஒன்றன்பின் ஒன்றாக. ஃபோனில் கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன, மேடம் துணைக்கு இருக்காங்க" என்பாள் அம்மா. மகளும் சிரித்திருக்கிறாள். கதவிலிருந்து மேஜைவரை மேடம் நடந்த நடையில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதத்தில் நடந்தது.

சீராக்கிய பாதியை மறுபடி ஓட்டினாள். சுத்தமாக இருந்தது. எந்த நாளும் தெரியவில்லை. அதை அழித்தாள். அம்மா இருந்தால் இதற்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்பது தெரிந்தேதான் அழித்தாள்.

ஹாலில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். அம்மாவோடு படித்த காவலாளி முதல் வரிசையில். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். மேடம் கதவைச் சாத்தினார், பையை மாட்டினார், காலைத் தூக்கினார். திரை சட்டென்று மஞ்சளானது.

"கரண்ட் போகுது பாருங்க" என்றார் காவலாளி. கணக்கு சார் ஒயரைப் பார்க்க எழுந்தார்.

"ஒயர் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் மகள். "அது பதினாலாவது கணக்கு."

அவர் நின்றார். "கோபுரமா?"

"ஆமா சார்."

"அதை அவங்க போடவே இல்லியேம்மா. கோபுரக் கணக்கு வந்தா விட்டுடுவேன், மத்ததுல பார்த்துக்கிறேன்னு எங்கிட்ட சண்டைல்ல போட்டாங்க."

"போட்டிருக்காங்க சார். அடுத்த படத்துல மேடம் காலைக் கீழ வச்சுட்டாங்க."

அம்மாவின் பஞ்சாயத்தை மகள் இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அதற்குள் படம் முடிந்திருந்தது. "இன்னொரு தடவை போடுங்க" என்றார் கணக்கு சார். இம்முறை உட்காரவில்லை, திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். வெளிச்சம் தாவிய ஒவ்வொரு இடத்திலும், இது எதுவாக இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். காவலாளியும் ஓரிடத்துக்கு ஒரு கணக்கைச் சொன்னார். அவரும் அதே கணக்கில்தான் மாட்டிக்கொண்டவராம்.

மகள் நடந்தே திரும்பினாள். துணிக்கடை வழியில்தான். உள்ளே போகவேண்டும் என்று நினைக்கவில்லை, போய்விட்டாள்.

"அகலமான கருப்புத் துணி இருக்குங்களா?"

"வந்துச்சுங்க, வித்துப்போச்சு. இருந்ததுல ஒரு துண்டு வெட்டி வச்சிருக்கேன், அது வேற ஒருத்தருக்கு." கடைக்காரர் பின்னால் இருந்த தட்டைக் காட்டினார். நூல் கட்டிய பொட்டலம். "இங்க நூல் வாங்க வர்ற ஒரு அம்மா. நூத்தி இருபத்தஞ்சு, மடிப்பு சேர்த்துதான் சொல்றேன், நீங்க கூட்டிடாதீங்கன்னாங்க. இவ்வளவு கருப்பு எதுக்குன்னு கேட்டேன். சூரியனைக் கொஞ்ச நாள் வெளியில நிறுத்தி வைக்கணுமாம்."

மகள் பொட்டலத்தின் நூல் முடிச்சைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை வர்றேன்னாங்க. எத்தனை வியாழக்கிழமை போச்சு. நீங்க இந்தப் பக்கம்தானா? பார்த்தா சொல்லுங்களேன், வந்து எடுத்துக்கச் சொல்லி."

"சரிங்க" என்றாள்.

பொட்டலம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது.