சுவர் நிறைய முதலிடம்

விமான டிக்கெட் விற்பவனுக்கு விமானம் ஏறும் யோகம் கிடையாது. ஏற முடியாதவர்களிடம் பேச்சு வாங்கும் யோகம் தாராளமாக உண்டு. எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் ஒரு மேஜை, நாலு நாற்காலி போட்டு இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டேன். உங்களில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

மூன்று பேருக்கும் முதலிடம்

மெட்ராஸிலிருந்து மூன்று விமானக் கம்பெனி ஆட்கள் டை கட்டிக்கொண்டு வருவார்கள். உலகத்தில் யார் அதிகப் பயணிகளை ஏற்றுகிறார்கள் என்று வரிசை போட்ட அட்டவணையை ஆளுக்கொன்று சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள். மூன்றிலும் முதல் பெயர் வேறு வேறு! ஒருவர் தலைகளை மட்டும் எண்ணுவார். இன்னொருவர் தலைகளை அவை பறந்த தூரத்தால் பெருக்குவார். மூன்றாமவர் தம்பிக் கம்பெனிகளின் பயணிகளையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

"எதுதான் சார் நிஜம்?" என்று மூன்றாமவரைக் கேட்டேன். கொஞ்சமும் கூசவில்லை. "மூணுமே நிஜம்தாங்க. வர்ற ஆளைப் பார்த்து ஒண்ணைக் காட்டுங்க."

சிலேட்டு

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஆறு மாதமாக மௌன விரதம். உலகத்தின் மேல் பற்றே இல்லை என்று பேர். சிலேட்டில் எழுதித்தான் பேசுவார். ஊர் திரும்ப டிக்கெட் கேட்டார். மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு, அரை நாள் காத்திருந்து, ஒரு அட்டவணையில் மூன்றாவதாக இருந்த கம்பெனியில் சீட்டு பிடித்தேன். மனுஷர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலேட்டை அழித்து எழுதி நீட்டினார்: "முதல் கம்பெனி மட்டும். ஜன்னலோரம்."

கண்டக்டர் தீர்ப்பு

பக்கத்து வீட்டு குப்புசாமி பஸ் கண்டக்டர். அட்டவணைகளை முழுக்கப் படித்துவிட்டு ஒரே போடாகப் போட்டார். "கார்த்திகை தீபத்தன்னிக்கு எங்க பஸ்ஸுந்தான் ஜாஸ்தி பேர ஏத்துது. உள்ள ஒத்தக் கால்ல நிக்கறவன கேட்டுப் பாருங்க, எத்தனாவது எடம்னு சொல்வான்."

அப்போது சிரித்தேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

ஏகாம்பரம்

அடி அண்ணாமலை கிராமத்து ஏகாம்பரத்துக்கு துபாயில் வேலை கிடைத்திருந்தது. ரைஸ் மில் வேலையை விட்டாயிற்று. ஏழு நாளில் விசா காலாவதி. "எதுல போனா கண்டிப்பா போய்ச் சேருவேன் சார்?" என்று கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி, தலைகளை எண்ணும் கம்பெனியின் அட்டவணையில் முதல் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

சீட்டு உறுதி என்று டிக்கெட்டில் 'ஓகே' போட்டிருந்தது. ரயிலேறி பம்பாய் போனார். விமான நிலையத்தில் சீட்டு இல்லை என்றுவிட்டார்கள். நாலு பேர் வரமாட்டார்கள் என்று நம்பி, இருக்கிற சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்பது இந்த மகான்களின் வழக்கம். அன்றைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். அடுத்த சீட்டு கிடைப்பதற்குள் விசா முடிந்தது, வேலையும் போயிற்று.

திரும்பி வந்தவர் பெட்டியோடு நேராக என் கடைக்குத்தான் வந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் திட்டவில்லை. அந்த அட்டவணை முன்னால் நின்று நிதானமாகக் கேட்டார்: "உலகத்துல அத்தினி பேர எண்ணத் தெரிஞ்சவனுக்கு, ஒரு ஏரோப்ளேன்ல எத்தினி சீட்டு இருக்குதுனு எண்ணத் தெரியலையா சார்?"

அன்றைக்கே மூன்றையும் கழற்றினேன். முதலிடத்தில் இல்லாத விமானக் கம்பெனியை இந்தத் தொழிலில் நான் பார்த்ததே இல்லை, ஏகாம்பரத்தைக் கணக்கில் சேர்த்த கம்பெனியையும் பார்த்ததில்லை.