துணி போர்த்திய ட்ரம்ஸ்

சிட்னியின் கிரவீன் பகுதியில் ஒரு பள்ளி மண்டபத்தில் தமிழ்ச் சபையின் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. மேடையில் ட்ரம்ஸ் துணி போர்த்திக் கிடக்கிறது. ஆனாலும் ஸ்பீக்கரில் ட்ரம்ஸ் அதிர, எல்லோரும் கைதட்டிப் பாடுகிறார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டு மெர்சி அக்கா, தன் அம்மாவை உள்ளே விட்டுவிட்டு வெளியே வேனில் உட்கார்ந்திருக்கிறார். இதே சபையில் பாடவும் ட்ரம்ஸ் வாசிக்கவும் பழகியவர். இன்று சிட்னி கிளப்புகளில் ஜாஸ் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டே சோல் இசைப் பாட்டுகளும் பாடுகிறார். அதுதான் குற்றம். குடிக்கிற இடத்தில் வாசித்த கை இந்த மேடையைத் தொடக்கூடாது என்று பாஸ்டர் விலக்கிவிட்டாராம்.

நான் வெளியே வந்து வேனில் அவர் பக்கத்தில் ஏறி உட்காருகிறேன். "அப்போ உள்ள கேக்குறது யார் வாசிச்சது அக்கா?"

"நான்தான். பத்து வருசத்துக்கு முந்தி ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கை ஆகாது, கையின் சத்தம் மட்டும் ஆகுமா? "நான் போய்க் கேக்கட்டுமா?" என்கிறேன்.

உள்ளே ட்ரம்ஸில் ஓர் அடி தடுமாறி விழுகிறது. அக்கா ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்துகிறார்.

"இந்த இடத்தில அண்டைக்கு ரெக்கார்டிங்கில பிழை விட்டனான். கிழமைக்குக் கிழமை என்ர பிழையை எனக்கே போட்டுக் காட்டுறாங்கள். திருத்தி அடிக்கவும் விடுறாங்கள் இல்லை."