கணினி நீக்கிய மாமா

ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்குக் கணினியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, நண்பனின் கல்யாண வரவேற்பு மேடையும் அதில் மணமக்களோடு நின்ற அவனுடைய சின்ன மாமாவும். முந்தைய நாள்தான் நான் எடுத்த படங்களை மெமரி கார்டிலிருந்து ஏற்றி, ஒரே மாதிரி இருப்பவற்றை நீக்கும்படி மென்பொருளிடம் விட்டிருந்தேன். ஆவடியில் என் வீட்டுக்கு வந்திருந்த நண்பன் திரையை மேலும் கீழும் தேடினான்.

“இன்னா மச்சான், பெரிய மாமாவக் காணோம்? போட்டோ பாக்க இங்கதான் வந்துகினு கீறாரு. திருநின்றவூர்ல ட்ரெயின் ஏறிட்டாரு. அவரு படம் இல்லன்னா பேச்சையே நிறுத்திடுவாரு.”

கல்யாணத்துக்கு மாமாக்கள் மூவருக்கும் ஒரே துணியில் சட்டை எடுத்திருந்தார்கள். மீசையும் மூவருக்கும் ஒரே அச்சு. ஒருவர் பின் ஒருவராக அதே இடத்தில் நின்றதால், மென்பொருள் ஒருவரை வைத்துக்கொண்டு மற்ற இருவரை நீக்கியிருந்தது.

“உங்க மாமாங்கள கம்ப்யூட்டருக்கே அடையாளம் தெரியல” என்றேன்.

“காமெடிய அப்பால வச்சுக்க. மொதல்ல மாமாவ வெளிய எடு.”

நீக்கிய படங்கள் கிடக்கும் ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். நடு மாமாவுக்குக் கீழே பெரிய மாமா இருந்தார். இருவரையும் மீட்டு ஆல்பத்தில் சேர்த்தேன்.

சற்று நேரத்தில் பெரிய மாமா வந்தார். சாப்பாட்டுப் பந்தியில் எடுத்த படங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.