ஒரே மாதிரி தப்பான பெயர்கள்

1. போன்

சென்னையிலிருந்து அந்த போன் வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் ஆபீஸ் என்பது ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு போன். பேசியவர் ரகுநாதன் சார். எங்களுக்கு வேலை கொடுத்த சென்னை கம்பெனியின் மேனேஜர்.

"மெர்சி, அமெரிக்கா கிளையன்ட்கிட்டேர்ந்து மெயில் வந்திருக்கு. உங்க ஊர் ஃபைலும் மணிலா ஃபைலும் ஒரே மாதிரி இருக்காம். எட்டு பேட்ச். சரியா இருந்தா பரவால்ல, தப்பும் ஒரே இடத்துல, ஒரே தப்பு. உங்க பக்கம் யாரோ காப்பி அடிச்சிருக்காங்க."

"எந்த பேட்ச் சார்?"

எட்டு எண்களையும் சொன்னார். எழுதிக்கொண்டேன். எட்டும் ஒரே ஆபரேட்டர் அடித்தவை. களக்காட்டில் வீட்டிலிருந்து வேலை பார்த்த பாக்கியலட்சுமி.

2. வேலை இதுதான்

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை என்றால் அப்போது எங்கள் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் வேலையின் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கே ஒரு மாவட்டத்தின் பழைய இறப்புப் பதிவேடுகள். நூறு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து. அதை ஸ்கேன் செய்து, பேட்ச் பேட்சாகக் கட்டுப் பிரித்து, சிடியில் அனுப்புவார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியாக டைப் அடிக்க வேண்டும். டபுள் கீயிங் என்று பெயர். ஒருவர் எங்கள் ஊரில், இன்னொருவர் பிலிப்பைன்ஸில், மணிலாவில். இரண்டு பக்கமும் வீட்டில் உட்கார்ந்து அடிக்கிற பெண்கள்தான். எங்கள் பக்கம் ஐந்து பேர். கம்பெனியே அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸும் வைத்துக் கொடுத்திருந்தது.

எங்கள் ஃபைல்களை நான் மோடம் வழியாகச் சென்னைக்கு அனுப்புவேன். மணிலாவிலிருந்தும் ஃபைல்கள் சென்னைக்குத்தான் வரும். அதைச் சென்னையிலிருந்து எனக்கு அனுப்புவார்கள். இரண்டையும் சாஃப்ட்வேரில் போட்டால், எங்கே எழுத்து வேறுபடுகிறதோ அந்த வரி சிவப்பாக வரும். மிஸ்மேட்ச். நான் மூலப் படத்தைத் திறந்து பார்த்து எது சரி என்று தீர்ப்பு சொல்ல வேண்டும். பிறகு இரண்டு ஃபைலும் என் தீர்ப்போடு சென்னை வழியாகக் கிளையன்ட்டுக்குப் போகும். இரண்டும் ஒத்துப்போன வரியை யாரும் பார்க்க மாட்டோம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே மாதிரி தப்பு செய்ய மாட்டார்கள் என்பதுதான் இந்த முறையின் அஸ்திவாரம்.

மணிலா பக்கத்து ஆட்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கோட் நம்பர் மட்டும்தான். பாக்கியத்தோடு ஜோடி சேர்ந்தது எம்-9. எம்-9 ஆணா பெண்ணா என்றுகூட முதலில் தெரியாது. ஆனால் ஒரு வருடம் ஒருவருடைய டைப்பிங்கைத் தினமும் பார்த்தால் ஆள் பழகிவிடுகிறது. அந்தப் பதிவேடுகளில் ஸ்பானிஷ் பெயர்கள் நிறைய வரும். குவாதலூப்பே, இக்னாசியோ, என்கார்னாசியோன். எம்-9 அவற்றில் தவறியதே இல்லை. அவர்கள் ஊரில் அதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெயர்கள். பைபிள் பெயர்களில் மட்டும் தடுமாறுவார். எபனேசர், எப்சிபா மாதிரிப் பெயர்கள் வந்தால் ஏதாவது ஒரு எழுத்து விழுந்துவிடும். எங்களுக்கு நேர்மாறு. எங்கள் தெருவிலேயே இரண்டு எபனேசர் இருந்தார்கள். குவாதலூப்பே வந்தால்தான் கை நிற்கும்.

3. பாக்கியலட்சுமி

பாக்கியம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டது. காற்று மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். பக்கத்தில் உட்கார்ந்தால் புரியும், நாலடி தள்ளி நின்றால் புரியாது. வகுப்பெடுக்க முடியாமல் வேலையை விட்டாள். கணவர் களக்காட்டில் வாழைக்காய் வியாபாரம். வேலைக்கான டெஸ்ட்டுக்கு வந்தபோது ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: "இந்த வேலையில் பேச வேண்டியது இருக்குமா?" இல்லை என்றேன். மறுநாளே சேர்ந்தாள். ஐந்து பேரில் அவள் ஃபைல்தான் சுத்தம்.

வாரம் இரண்டு தடவை அவள் கணவர் ஃப்ளாப்பியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பஸ்ஸில் கொடுத்துவிடுவார். நான் காலி ஃப்ளாப்பிகளைத் திருப்பி அனுப்புவேன்.

ரகுநாதன் சார் போன் செய்தபோது என் மனதில் ஓடியது அந்த ஃப்ளாப்பிகள்தான். இரண்டு மாதத்துக்கு முன் அவசரத்தில் ஃபார்மட் செய்து அழிக்காமல் ஒன்றிரண்டை அனுப்பியிருக்கிறேன். அதில் எம்-9 ஃபைல் இருந்திருக்கலாம். பாக்கியம் திறந்து பார்த்திருக்கலாம். அப்படி ஒரு ஃபைல் கையில் கிடைத்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த எட்டு பேட்ச் வந்த மாதத்தில் மிஸ்மேட்ச் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. சென்னையிலிருந்து பாராட்டி ஒரு மெயில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

4. விசாரணை

மறுநாள் பாக்கியத்தை ஆபீஸுக்கு வரச் சொன்னேன். காலை பஸ்ஸில் கணவரோடு வந்தாள். ரகுநாதன் சார் போனிலேயே விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார். நான் ரிசீவரை அவளிடம் கொடுத்தேன்.

அவள் பேசினாள். எனக்குக் கேட்டது: "நான் பாக்கல சார். எனக்கு அந்த ஃபைலு வந்ததே இல்ல."

அந்தப் பக்கம் கேட்கவில்லை. "ஹலோ? ஹலோ?" என்பது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. அவள் மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது தடவை சொல்லும்போது இருமல் வந்துவிட்டது. அவள் கணவர் எழுந்து தண்ணீர் கொடுத்தார்.

நான் ரிசீவரை வாங்கினேன். "சார், அவங்களுக்குக் குரல் வராது. காப்பி அடிக்கலேன்னு சொல்றாங்க."

"நீங்க சொல்றீங்க. அவங்க சொல்லல. அவ்வளவு நேரம் சும்மாவே இருந்தாங்க."

"சும்மா இல்ல சார்."

"மெர்சி, பாருங்க. மணிலா ஃபைல் உங்க ஆபீஸுக்கு மட்டும்தான் வருது. காப்பி அடிச்சா நீங்க குடுத்திருக்கணும், இல்ல அவங்க எடுத்திருக்கணும். உங்க பேர் இதுல வர வேண்டாம்னு நினைக்கிறேன். அந்தம்மாவை நிறுத்திட்டோம்னு ஒரு லெட்டர் எழுதி ஃபேக்ஸ் பண்ணுங்க. கிளையன்ட்டுக்கு அது போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பாக்கியத்திடம், "நீ வீட்டுக்குப் போ, நான் சொல்லி அனுப்புதேன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அவள் கணவர்தான் கேட்டார்: "எக்கா, நீங்க என்ன நினைக்கீங்க?"

"பாக்கணும் அண்ணாச்சி" என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

5. ஒத்துப்போன வரிகள்

மூன்றாம் நாள் அந்த எட்டு பேட்ச்சையும் திறந்தேன். முதல் தடவையாக, சிவப்பாக வராத வரிகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். பாக்கியம் ஸ்பானிஷ் பெயர்களில் பதினொரு இடத்தில் தவறியிருந்தாள். அந்தப் பதினொன்றிலும் எம்-9 அதே மாதிரி தவறியிருந்தார்.

எம்-9 இதுவரை குவாதலூப்பேயைத் தப்பாக அடித்ததே இல்லை. அதே ஃபைல்களில் எப்சிபா, எபனேசர் எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. எம்-9 அவற்றைச் சரியாக அடித்ததும் இல்லை.

பாக்கியம் எம்-9 ஃபைலைக் காப்பி அடித்திருந்தால் குவாதலூப்பே சரியாக இருந்திருக்கும். இங்கே நடந்தது தலைகீழ். எம்-9 என்ற பெயரில் வந்தது பாக்கியத்தின் ஃபைல். நடுவில் யாரோ சம்பந்தமில்லாத இடங்களில் சில எழுத்துகளை மாற்றி வைத்திருக்கிறார்கள், எனக்குக் கொஞ்சம் சிவப்பு தெரிவதற்காக.

எங்கள் ஃபைல் போகிற இடமும் மணிலா ஃபைல் வருகிற இடமும் ஒன்றுதான். சென்னை.

ஆனாலும் ஊகத்தை வைத்து ஒருவரைச் சொல்லக்கூடாது. வேலை தொடங்கிய புதிதில் பொதுவாக அனுப்பப்பட்ட ஒரு மெயிலில் மணிலா கோஆர்டினேட்டரின் முகவரியும் கிளையன்ட் முகவரியும் இருந்தன. கோஆர்டினேட்டர் ரோசா என்ற அம்மா. அவருக்கு எட்டு எண்களையும் எழுதி, இவற்றை எம்-9 எந்த வாரம் அடித்தார் என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலையில் பதில் இருந்தது. அந்த எட்டு பேட்ச் தங்களுக்கு வரவே இல்லை. தாங்கள் தாமதமாகத் தருவதால் அந்த வேலை முழுவதும் இந்தியாவுக்கே போய்விட்டது என்று சென்னையில் சொன்னார்கள். எம்-9 பெயர் ஜோசலின், இரண்டு பிள்ளைகளின் தாய், அந்த மாதம் முழுக்க வேலை இல்லாமல் இருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: "என்ன தப்பு செய்தேன் என்று ஜோசலின் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது சொல்ல முடியுமா?"

6. நான் அனுப்பிய மெயில்

ரகுநாதன் சாருக்கு நானே போன் செய்தேன். பார்த்ததைச் சொன்னேன்.  அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அவங்க லேட் பண்றாங்க மெர்சி. டெட்லைன் போச்சுன்னா மொத்த புராஜெக்ட்டும் போயிடும். அப்ப உங்க அஞ்சு பேருக்கும்தான் வேலை இல்ல. எட்டு பேட்ச். யாரோ நூறு வருஷம் முன்னாடி செத்துப் போனவங்க பேரு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"பாக்கியத்துக்கு சார்."

"நீங்க கிளையன்ட்டுக்கு எழுதினா அங்க ஆபீஸே இருக்காது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

எழுதினேன். எட்டு பேட்ச், பதினொரு பெயர்கள், ரோசாவின் பதில், எல்லாவற்றையும் சேர்த்து. மற்ற நான்கு ஆபரேட்டர்களிடமும் கேட்காமல்தான் அனுப்பினேன். அவர்களில் ஒருத்தி பிறகு என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "நியாயம் சரிதான்க்கா. ஆனா எங்க வேலையும் அதுல போகுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா." அவள் சொன்னதில் தப்பில்லை.

பத்து நாளில் கிளையன்ட் அந்தக் கம்பெனிக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. சென்னையிலிருந்து ஒரு வேன் வந்து ஐந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் எடுத்துக்கொண்டு போனது. பல் டாக்டர் கிளினிக் மாடி பூட்டப்பட்டது.

7. களக்காடு

நான் சொல்லி அனுப்பவில்லை, நேரே போனேன். வீட்டு வாசலில் வாழைத்தார்கள் சாத்தியிருந்தன. பாக்கியத்தின் கணவர் முதலில் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "அவ அன்னிக்கிருந்து சரியா சாப்பிடவே மாட்டேங்கா" என்றார். பிறகு விலகி நின்றார்.

கிளையன்ட் அனுப்பிய மெயிலைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். அவள் மேல் தப்பில்லை என்று அதில் பெயர் போட்டே எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை படித்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பேசுவது கேட்கவேண்டும் என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா? நான்தான் செஞ்சிருப்பேன்னு நினைச்சியளா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்து வரவில்லை. "ரெண்டு நாள் நினைச்சேன்" என்றேன்.

"மூணாம் நாளு?"

"பேருகளப் பாத்தேன். குவாதலூப்பே தப்பா இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். பிறகு சொன்னாள்: "அப்ப அந்தப் பேரத்தான் நம்புனிய. என்னைய இல்ல."

காப்பி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட அவள் கணவர் கூட வந்தார், வழியில் வாழை விலையைப் பற்றி மட்டும் பேசினார்.

8. பிறகு

ஐந்து மாதம் கழித்து அதே பதிவேடுகள் வேறொரு கம்பெனி வழியாக மறுபடி வந்தன. பழைய ஆட்களையே சேர்க்கச் சொன்னார்கள். மணிலா பக்கம் ஜோசலின் திரும்ப வந்தாள். எங்கள் பக்கம் மூன்று பேர்தான் வந்தார்கள். பாக்கியம் வந்தாள். நாலு வருடம் எங்களோடு வேலை பார்த்தாள். அவள் ஃபைல்தான் கடைசிவரை சுத்தம். என்னிடம் மரியாதையாகவே இருந்தாள். ஆனால் டப்பாவில் ஃப்ளாப்பியோடு முன்பெல்லாம் இரண்டு வரி எழுதி வைப்பாள், வீட்டு விஷயம், மழை விஷயம். அது திரும்ப வரவில்லை.

இன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் நிறைய. முகம் தெரியாத ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களும் நிறைய. அவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. தப்பு திடீரென்று குறைந்தால் பாராட்டுக் கடிதத்தைச் சுவரில் ஒட்டாமல், முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள். அது தொழில் பாடம், நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். மற்றது கற்றுக்கொள்ள நாளானது. ஒருவர் மேல் புகார் வந்தால் ஆதாரத்தைத் தேடுங்கள், தேடத்தான் வேண்டும். ஆனால் தேடப் போவதற்கு முன்னால், அந்த ஆளிடம் "நீ செய்திருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன், பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பாக்கியமும் அவள் கணவரும் என் எதிரில் நின்றபோது அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.